சாலமோன் பேரில் இருந்த சிலிண்டர்

தபீதாளின் புருஷன் சாலமோன் வீட்டை விட்டுப் போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. போகும்போது இரண்டு பேண்ட், மூன்று சட்டை, செல்போன் சார்ஜர் இவற்றை எடுத்துக்கொண்டான். கேஸ் கனெக்‌ஷன் அவன் பேரில் இருந்தது. அது இருவருக்குமே அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. அதன் பிறகும் வரவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. சிலிண்டர் தீர்ந்தால் தபீதாள் தன் போனிலிருந்து புக் செய்தாள், வந்தது, பணம் கொடுத்தாள். புத்தகத்தில் சாலமோன் என்று எழுதியிருந்ததால் சோறு வேகாமல் போகவில்லை.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. தட்டில் கொட்டிய வாஷர்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பிசிறு இருந்தால் எடுத்துப் போட வேண்டும். பதினான்கு வருஷமாக அதைச் செய்கிறாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் சாம்பசிவன் என்பவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். சாம்பசிவன் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். கீழ் வீட்டில் அவரும் மனைவியும்.

தெருவில் பைப் கேஸ் வந்தபோது சாம்பசிவன்தான் முதலில் கையெழுத்துப் போட்டார்.

"மாடி போர்ஷனுக்கும் சேர்த்தே சொல்லிட்டேம்மா. இனிமே சிலிண்டரை மாடி ஏத்தறதுக்கு அம்பது ரூபா குடு, அறுபது ரூபா குடுன்னு எவனும் கேக்க மாட்டான்" என்றார்.

ஆட்கள் வந்து சுவரில் ஓட்டை போட்டு, மஞ்சள் குழாயை இழுத்து, சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மீட்டரைப் பொருத்தினார்கள். ஆனால் கேஸைத் திறந்துவிடவில்லை. ஒரு வீட்டில் இரண்டு கனெக்‌ஷன் கூடாதாம். இந்த முகவரியில் சிலிண்டர் இல்லை என்று ஏஜென்ஸியிலிருந்து ஒரு லெட்டர் வாங்கி வந்தால் அன்றைக்கே திறப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தபீதாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு கேஸ் ஏஜென்ஸிக்குப் போனாள். கவுண்ட்டரில் ஜீவானந்தம் என்று ஒருவர் இருந்தார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"கஸ்டமர் வரணும்மா."

"நான்தான் கஸ்டமர். ஒம்போது வருஷமா நான்தான் துட்டு கட்டறேன்."

"துட்டு கட்டறவங்க வேற, கஸ்டமர் வேறம்மா. புக்ல பேர் யாருதோ அவர்தான் கஸ்டமர். சார் இறந்துட்டாரா?"

"இல்ல."

"இறந்திருந்தா ரொம்ப ஈஸி. டெத் சர்டிபிகேட் ஒண்ணு போதும், உங்க பேருக்கு மாத்தி உடனே சரண்டர் பண்ணிடலாம்."

"கேளம்பாக்கத்துல கீறாரு."

"அப்ப கஷ்டம்தான்" என்றார் ஜீவானந்தம், உண்மையான வருத்தத்தோடு.

அந்த வாரமே பைப் கேஸ் கம்பெனியிலிருந்து முதல் பில் வந்தது. ஆயிரத்து நூற்று எண்பத்தாறு ரூபாய். தபீதாள் அடுப்பைப் பார்த்தாள். அது இன்னும் சிலிண்டரில்தான் எரிந்துகொண்டிருந்தது. மீட்டரைப் பார்த்தாள். வரிசையாக சைபர். கம்பெனிக்குப் போன் செய்தாள். எதிர்முனையில் ஒரு பெண் மிக மரியாதையாகப் பேசினாள். ரீடிங் எடுக்க முடியாத வீடுகளுக்கு உத்தேசமாக பில் போடுவார்களாம்.

"கேஸே தொறக்கலியேம்மா. எதை வெச்சு உத்தேசம்?"

"உங்க ஏரியால ஒரு குடும்பம் சராசரியா யூஸ் பண்றதை வெச்சு, மேடம்."

"நான் ஒருத்திதான் கீறேன்."

கம்ப்ளெய்ன்ட் நம்பர் கொடுத்தாள் அந்தப் பெண். பதினொரு இலக்கம். தபீதாள் அதை காலண்டரின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். சிலிண்டர் போனால்தான் எதுவும் நடக்கும் என்று தெரிந்துவிட்டது.

சாலமோனின் விலாசம் அவளிடம் எட்டு வருஷமாக இருந்தது. அவன் சித்தி மகள் ஒருத்தி கேட்காமலே எழுதிக் கொடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் முதல் ஆராதனை முடிந்ததும் தாம்பரம் போய் பஸ் ஏறினாள். வண்டலூர் தாண்டும்வரை என்ன பேசுவது என்று யோசித்தாள். ஏழெட்டு வாக்கியம் தயாரானது. ஒன்றிலும் கேஸ் பற்றி எதுவும் இல்லை. மாம்பாக்கத்துக்குப் பிறகு அவற்றை விட்டுவிட்டு ஆதார் ஜெராக்ஸ் இருக்கிறதா என்று பையில் பார்த்துக்கொண்டாள்.

கதவைத் திறந்தது ஷீலா. சாலமோனோடு இருக்கும் பெண். ஐ.டி. கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை. தபீதாள் அவளை அதற்கு முன் பார்த்ததில்லை.

"யாரு?"

"தபீதாள்."

ஷீலா கதவை முழுதாகத் திறந்தாள். "செருப்ப உள்ளயே வுடுக்கா. நாய் தூக்கிகினு பூடும்" என்றாள்.

ஒரே அறை, அதன் ஓரத்தில் சமையல் மேடை. ஷீலா பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு டீ வைத்தாள். மேடைக்குக் கீழே இருந்தது அஞ்சு கிலோ சின்ன சிலிண்டர். பால் பொங்குவதற்குள் தீ நீலத்திலிருந்து மஞ்சளாகி அணைந்தது. ஷீலா குனிந்து சிலிண்டரை ஆட்டிப் பார்த்தாள். சாய்த்து வைத்துப் பற்றவைத்தாள். பற்றவில்லை.

"ரொப்பிகினு வர்றேன்னுட்டுத்தான் போச்சு. வண்டி டிரிப் முடியல போல" என்றாள். சாலமோன் தண்ணி லாரி ஓட்டிக்கொண்டிருந்தான்.

"பெரிய சிலிண்டர் இல்லியா?"

"எங்கக்கா குடுக்கறான்? நாலு ஏஜென்ஸி ஏறி எறங்கிட்டோம். இவரு ஆதார போட்டா, உங்க பேர்ல ஏற்கெனவே ஒண்ணு ஓடிகினு கீதுன்றான். என் பேர்ல போடலாம்னா எங்கம்மா வூட்டு கார்டுல பேரு கீது, அங்க ஒண்ணு கீதுன்றான். பிளாக்குல கிலோ நூத்தம்பது, நூத்தறுவதுன்னு குடுத்து ரொப்பிக்கறோம். மழை காலத்துல அதுவும் கெடைக்காது."

"எத்தினி வருஷமா?"

"வந்ததுலேர்ந்துதான்."

தபீதாளுக்கு இது புதுச் செய்தி. பல வருஷங்களாக ராத்திரி ஜெபத்தில், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று பொதுவாக விட்டிருந்தாள். கர்த்தர் கேஸ் ஏஜென்ஸி வழியாகப் பார்த்துக்கொண்டார் என்று அவள் நினைத்திருக்கவில்லை. சந்தோஷம் வருகிறதா என்று காத்துப் பார்த்தாள். வந்தது, ஆனால் சின்னதாக இருந்தது. அரை டம்ளர் பச்சைப் பால் மேடையில் அப்படியே இருந்தது.

சாலமோன் ஒரு மணிக்கு வந்தான். முடி கொட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் திரும்பிப் போகலாமா என்பதுபோல வாசலைப் பார்த்தான். தபீதாள் அதற்குள் சொல்லியிருந்த லெட்டர் விஷயத்தை ஷீலா அவனுக்குச் சொன்னாள்.

"ஏன் எங்கிட்ட கேக்கல?" என்றாள் தபீதாள்.

"இன்னான்னு கேக்கறது? வுட்டுட்டு வந்தவன் வந்து நின்னு சிலிண்டர குடுன்னா, நீ இன்னா சொல்லுவ?"

அது சரிதான் என்று அவளுக்குப் பட்டது.

சாலமோன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "நீ ஒவ்வொரு தபா சிலிண்டர் வாங்கும்போதும் எனக்கு மெசேஜ் வரும். பேங்க்லேர்ந்து. மானியம் ஏறியிருக்குன்னு."

"அதான் எனக்கு வரவே இல்லியா? எவ்ளோ வந்துச்சு?"

"நூறு, நூத்தம்பது. ஒரு சமயம் முன்னூறு கூட வந்துச்சு. அப்பால நின்னு போச்சு. நான் தொடல. மினிமம் பேலன்ஸ் இல்லன்னு பேங்குக்காரனே புடிச்சிகினான். ரெண்டு ரெண்டரை மாசத்துக்கு ஒண்ணு கரெக்டா வரும். ஒரு தபா நாலு மாசம் வரல. உடம்பு கிடம்பு சரியில்லியோன்னு நெனச்சேன்."

அது அவளுக்கு கர்ப்பப்பை எடுத்த வருஷம். ஆபரேஷன் முடிந்து பல்லாவரத்தில் அக்கா வீட்டில் நாலு மாசம் கிடந்தாள்.

"ஊர்ல இல்ல" என்றாள் தபீதாள்.

அவன் தலையாட்டினான். சரண்டர் செய்ய எங்கே வந்து கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே வருகிறேன் என்றான். ஷீலாதான் கேட்டாள்: "அக்கா, அத்த சரண்டர் பண்ணாம எங்களுக்கு மாத்திக்க முடியுமான்னு ஒரு வார்த்த கேட்டுப் பாக்கறியா? முடியாதுன்னாலும் பரவால்ல."

"விசாரிக்கறேன்" என்று சொல்லிவிட்டு தபீதாள் எழுந்தாள். டீ கடைசிவரை வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் வாங்கிக் குடித்தாள்.

ஜீவானந்தம் இரண்டு வழிகளையும் விளக்கினார். சரண்டர் செய்வதென்றால் டெபாசிட் கட்டியபோது கொடுத்த ஒரிஜினல் ரசீது வேண்டும். அது எங்கே என்று யாருக்கும் தெரியாது. தொலைந்துவிட்டது என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்க வேண்டும், செலவு ஐநூறு ஆகும். அப்புறம் டெபாசிட் ஆயிரத்து நானூறு ரூபாயும் சாலமோனின் பேங்க் கணக்குக்குப் போகும்.

"அந்தக் கணக்குக்கா?"

"அவர் பேர்ல எந்தக் கணக்கு இணைச்சிருக்கோ அதுக்கு."

கேளம்பாக்கம் ஏஜென்ஸிக்கு மாற்றுவதென்றால் ரசீது தேவையில்லை. அவர் ஒருமுறை வந்து கைரேகை வைத்தால் போதும். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம். டெபாசிட் திரும்பி வராது, கனெக்‌ஷனோடு போய்விடும். லெட்டர் அன்றைக்கே கையில் கிடைக்கும்.

தபீதாள் மாற்றுவது என்று முடிவு செய்தாள். பிறகு தன் அக்காவிடம் போனில் பேசும்போது இதில் மன்னிப்பு கின்னிப்பு எதுவும் இல்லை, செலவு கம்மி, அவ்வளவுதான் என்று சொன்னாள். அக்கா கேட்காமலேயே இதை இரண்டு முறை சொன்னாள்.

சனிக்கிழமை சாலமோன் வந்தான். தண்ணியிலும் கிரீஸிலும் தேய்ந்த விரல் என்பதால் மெஷின் ரேகையை ஏற்கவில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் இடது கை மோதிர விரல் ஒத்துக்கொண்டது.

ஜீவானந்தம் ஃபாரத்தை நிரப்பியபடி கேட்டார். "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

சாலமோன் விரலைப் பேண்டில் துடைத்தான்.

"ஒய்ஃப்" என்றாள் தபீதாள்.

"அப்புறம் ஏன் ரெண்டு அட்ரஸ்?"

"அதத்தான் சார் மாத்தறோம்."

ஜீவானந்தம் இரண்டு பேரையும் ஒருதரம் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

வீட்டுக்கு வந்து சாலமோன் சிலிண்டரைத் தோளில் தூக்கினான். தபீதாள் அவனிடம் கணக்கைச் சொன்னாள். டெபாசிட் அன்றைக்கு அவள் சீட்டு எடுத்துக் கட்டியது, ஆயிரத்து நானூறு. உள்ளே பாதி கேஸ் இருக்கிறது, அதற்கு நானூறு. சாலமோன் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு ஆயிரத்து எண்ணூறை எண்ணிக் கொடுத்தான். "ஷீலாதான் குடுத்தனுப்புச்சு. கேக்காட்டியும் குடுத்துட்டு வான்னுச்சு" என்றான். சாம்பசிவன் கீழே கேட் பக்கம் நின்று, ஆள் யார் என்று தெரியாமல், "மெதுவா, சுவர்ல இடிக்காம" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே திறப்போம் என்றவர்கள் பதினோரு நாள் கழித்து வந்தார்கள். அதுவரை ரைஸ் குக்கரில் சோறும், கம்பெனி வாசலில் வாங்கிய குழம்பும். அடுத்த மாதம் ஒரு நாள் வேலையில் இருக்கும்போது போனில் நாலு இலக்க நம்பர் ஒன்று வந்தது. அடுத்த நிமிஷம் ஷீலா கூப்பிட்டாள்.

"அக்கா, சிலிண்டர் வந்து நிக்குது. ஓடிபி கேக்கறான். அது உனக்கா வந்துச்சு?"

புத்தகத்தில் போன் நம்பர் மட்டும் இன்னும் தபீதாளுடையதாகவே இருந்தது. நம்பரைப் படித்துச் சொன்னாள். ஷீலா அதைத் திருப்பி டெலிவரிக்காரரிடம் கத்தினாள். "வெச்சிடவாக்கா? சாயங்காலம் பேசறேன்." பேசவில்லை. மறுநாள் போன் நம்பரையும் மாற்றிவிட்டார்கள் என்று மெசேஜ் வந்தது.

பைப் கேஸ் ஒழுங்காக எரிந்தது. தீ சிலிண்டரைவிடக் கொஞ்சம் சின்னது, ஆனால் நிற்காது. மிச்சம் இருந்தது அந்த ஆயிரத்து நூற்று எண்பத்தாறு. பதினொரு இலக்க நம்பரைச் சொல்லி மொத்தம் ஆறு முறை பேசினாள். இரண்டாம் முறை கம்ப்ளெய்ன்ட் முடிக்கப்பட்டது என்றார்கள். எப்படி முடிந்தது என்று கேட்டாள். முடிந்தது என்று மட்டும்தான் போட்டிருக்கிறது என்றார்கள். நான்காம் முறை, தாமதக் கட்டணம் நாற்பது ரூபாய் சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். ஐந்தாம் முறை மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். கேஸ் திறந்த அன்றைக்கு, திறப்பதற்கு முன்பே எடுத்து வைத்திருந்தாள். சைபர்கள், மீட்டர் நம்பர், பக்கத்தில் காலண்டரின் அன்றைய தேதித் தாள் எல்லாம் தெளிவாக விழுந்திருந்தன. அனுப்பினாள்.

அடுத்த பில்லில் பழைய தொகையையும் தாமதக் கட்டணத்தையும் கழித்துவிட்டு, உண்மையான இரண்டு மாதச் செலவாக இருநூற்று அறுபத்து மூன்று ரூபாய் வந்தது. அவள் அதைக் கீழே கொண்டுபோய் சாம்பசிவனிடம் காட்டினாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு உள்ளே போய்த் தன் பில்களைக் கொண்டுவந்தார். கீழ் வீட்டில் கேஸ் முன்பே திறந்துவிட்டதால் மூன்று பில். மூன்றிலும் ஒரே தொகை, ஆயிரத்து நூற்று எண்பத்தாறு. மூன்றையும் கடைசித் தேதிக்கு முன்பே கட்டியிருந்தார்.

"நாங்க ரெண்டே பேர். ஒருவேளை மாமி ஜாஸ்தி சமைக்கறாளோன்னு இருந்துட்டேன்" என்றார்.

தபீதாள் அவர் வீட்டு மீட்டர் எங்கே என்று கேட்டாள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருந்தது. இருவருமாக ஃப்ரிட்ஜை நகர்த்தினார்கள். போன் வெளிச்சத்தில் அவள் ஒவ்வொரு இலக்கமாகச் சத்தமாகப் படிக்க, ஹெட்மாஸ்டர் எழுதிக்கொண்டார்.