திருப்பிச் சொன்ன வரி

ரொன்செஸ்வால்ஸ் வீதியின் பனிச்சேற்றை மிதித்துக்கொண்டு பார்க்டேலில் இருந்த என் வாடகை அறைக்கு நடந்துகொண்டிருந்தேன். போலந்துக்காரரின் மண்டபத்திலிருந்து யாரும் என்னைத் துரத்தவில்லை. நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள், அது போதும்.

இந்தப் போலந்துச் சனம் கவிதை கேட்பது செத்தவீட்டில் இருப்பதுபோலத்தான். கவிஞரும் வாடகைக் கடிதம் வாசிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் வாசிக்கிறார். போன மாதம் மூடிய தொழிற்சாலையில் என்னோடு பெட்டி அடுக்கிய மாரெக்கிடம் காரணம் கேட்டிருக்கிறேன். அவர்கள் நாட்டில் அச்சிடத் தடை இருந்த நாளில் கவிதைகள் கசெற்றில் வீடுவீடாகப் போயினவாம். கவிஞரின் சொந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் அலங்காரத்தை விட்டுவிட்டு, மூச்சு நிற்கும் இடத்தில் வரியை முறித்து எழுதினார்களாம்.

அன்று மண்டபத்தில் ஆட்கள் உட்காரக் கதிரை தூக்கத்தான் மாரெக் என்னைக் கூப்பிட்டான். வயதான ஒரு பெண் கவிஞர் வாசித்தார். மாரெக் அதைக் கசெற்றில் பதிவு செய்தான். தொழிற்சாலையில் பொறுக்கிய போலிஷில் ஒரு வரி எனக்குப் பிடிபட்டது: என் தெருவுக்கு மூன்று தடவை பெயர் மாற்றினார்கள், நான் ஒரு தடவையும் வீடு மாறவில்லை. ஊர்க் கவியரங்கப் பழக்கத்தில் கையை உயர்த்தி, “ஆகா, திருப்பிச் சொல்லுங்கோ” என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

அவர் நிறுத்தினார். என் கையைப் பார்த்தார். அந்த வரியைத் திரும்பவும் சொன்னார். பிறகு இருமல் பிடித்தது. கடைசிக் கவிதையை வாசிக்க முடியவில்லை. திங்கட்கிழமை அவருக்குத் தொண்டையில் சத்திரசிகிச்சை, குரல் மிஞ்சுமோ தெரியாது என்று மாரெக் பிறகுதான் சொன்னான். முதலே சொன்னால் என்ன?

அறையில் என்னோடு இருக்கும் தேவன் அண்ணையிடம் சொன்னேன்.

“உது என்ன கோயில் வீதிக் கவியரங்கமே? வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரேலாதே உனக்கு?”

“நல்லாயிருந்தது அண்ணை. நல்லாயிருந்தா வேற என்ன செய்யிறது?”

மறுநாள் காலை மாரெக் தொலைபேசியில் எரிந்து விழுந்தான். பதிவிலிருந்து என் குரலை வெட்டப் போனானாம், கவிஞர் விடவில்லை. பழைய நாடாக்களில் நாய், கதவு, பக்கத்து வீட்டு இருமல் எல்லாம் இருக்கும், அங்கே யார் இருந்தார்கள் என்று தெரிய வேண்டும் என்றாராம். “நீ கெடுத்ததை நீயே பிரதி எடு” என்றான்.

அன்றே அவனுடைய நிலவறையில் அந்த வேலையை எடுத்தேன். என் ஊர் யாழ்ப்பாணத்துக்கு ஒரு கடிதமும் ஒழுங்காகப் போய்ச் சேராத காலம். நான் உறைகளில் பிரதிகள் போகவேண்டிய வார்சோ முகவரிகளை எழுதினேன். ஒவ்வொரு பிரதியையும் முழுவதும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். எவனோ ஒருவன் குறுக்கே கத்துகிறான். அவர் அவனுக்காக ஒரு வரியைத் திரும்பச் சொல்கிறார். இருமல். அதற்குப் பிறகு, அவர் வாசிக்காத கடைசிக் கவிதையின் இடத்தில் வரும் வெறும் இரைச்சலையும் கடைசிவரை கேட்கச் சொல்லியிருந்தான் மாரெக்.