சேவலுக்கு வைத்த கண்

தெலெஸ்ஃபோர் உவெல்லே எங்கள் ஊராட்சியின் பனி தள்ளும் வண்டியை இருபத்தெட்டு வருடம் ஓட்டினான். அவன் இடித்துச் சாய்த்த தபால் பெட்டிகளை அடுக்கினால் கோயில் மணிக்கூண்டு உயரம் வரும். அதற்கெல்லாம் அசராதவன், ஒரு பிப்ரவரி மாதம் சாலையோரச் சிலுவையை இடித்தபோது வெளிறிப்போய் என் வீட்டுக் கதவைத் தட்டினான்.

சிலுவைக்கு ஒன்றும் ஆகவில்லை, பனியில் சாய்ந்து கிடந்தது. உச்சியிலிருந்த மரச் சேவல்தான் சுக்குநூறு. மே பிறந்தால் ஊரே அந்தச் சிலுவையடியில் கூடி ஜெபமாலை சொல்லும். அதற்குள் ஊருக்குத் தெரியாமல் கொட்டகையைத் தாழிட்டுக்கொண்டு புதுச் சேவல் ஒன்று செதுக்கினான். சிலுவையை என் டிராக்டரை வைத்து நிமிர்த்தினோம். ஏணியைப் பிடித்தவனும் நான்தான்.

"என்னடா வாலு இது? வான்கோழியா?"

"மூடிட்டு ஏணியைப் புடி."

கண்ணுக்கு இரண்டு பித்தளைப் பட்டன் வைத்திருந்தான். நங்கூரம் பொறித்தவை. கப்பல் தலைவராயிருந்த மாமனாரின் பழைய கோட்டிலிருந்து மனைவிக்குத் தெரியாமல் அறுத்துக்கொண்டு வந்தவை.

மே மாதம் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். "குளிர்காலத்துல நல்லா தின்னிருக்கு போல," என்றாள் தபால் நிலைய ஜெர்மேன். அதோடு சரி.

வினை வீட்டுக்குள் வந்தது. பட்டன் போன கோட்டைப் பார்த்த அவன் மனைவி ரொசில்டா, திருடியது தன் தங்கை இமெல்டாதான் என்று முடிவு கட்டிவிட்டாள். அன்றிலிருந்து அக்காளுக்கும் தங்கைக்கும் பேச்சில்லை. பூசையில் ஒருத்தி இடப்பக்கம் உட்கார்ந்தால் மற்றவள் வலப்பக்கம். தெலெஸ்ஃபோர் வாயே திறக்கவில்லை. நானும்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இருபத்திரண்டு வருடம் கழித்து, பழைய சின்னங்களைக் கணக்கெடுக்க நகரத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். சிலுவையைப் படம்பிடித்துக்கொண்டு போய், ஊராட்சி மண்டபத்தில் திரை கட்டிக் காட்டினார்.

"இந்தச் சேவலுக்கு நூற்றைம்பது வயசாவது இருக்கும். இப்படி ஒரு வாலை இந்த ஆத்தங்கரை முழுக்க நான் பார்த்ததில்லை. பேர் தெரியாத ஒரு மேதை செஞ்சது. சிலுவைக்குக் கீழ வைக்கப்போற பலகையில அப்படியே எழுதிடலாம்."

மண்டபமே கைதட்டியது. தெலெஸ்ஃபோர் நாற்காலியில் நெளிந்தான்.

"பேர் தெரியாதவனாம்டா," என்று என் காதைக் கடித்தான்.

"அப்ப எழுந்து சொல்லு."

"ஆதாரம் கேப்பாங்களே. ஆதாரமே அந்தக் கண்ணுதான். ரொசில்டா என்னைக் கொன்னுபோடுவா."

சரி, அடக்கிக்கொள்வான் என்று நினைத்தேன். மேதை என்ற சொல் இன்னொரு முறை காதில் விழுந்ததும் ஆள் எழுந்துவிட்டான்.

"அதைச் செஞ்சது நான்தான்!"

மேயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முக்காலிக்குக் கால் வைக்கத் தெரியாதவன் நீ. உக்காருப்பா."

அந்தச் சிரிப்பில் தெலெஸ்ஃபோருக்கு அறிவு மொத்தமும் கழன்றுவிட்டது. "கண்ணைப் பெருசாக் காட்டச் சொல்லுங்க! நங்கூரம் இருக்கும் பாருங்க!"

அதிகாரி பெரிதாக்கினார். திரை நிறைய நங்கூரம். முன்வரிசையில் ரொசில்டா மெல்ல எழுந்தாள்.

"அது எங்கப்பா பட்டன்."

வலப்பக்கக் கோடியிலிருந்து இமெல்டாவின் குரல் வந்தது.

"இருபத்திரண்டு வருஷம் நான் திருடி. இல்லையா அக்கா?"

ரொசில்டா அழுதுகொண்டே மண்டபத்தைக் கடந்து தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தெலெஸ்ஃபோர் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் காலை அவனையே ஏணியில் ஏற்றி இரண்டு பட்டனையும் பிடுங்க வைத்தார்கள். நான்தான் மறுபடியும் ஏணியைப் பிடித்தேன். இப்போது அக்காள் கோட்டில் ஒன்று, தங்கை கோட்டில் ஒன்று. மே மாத ஜெபமாலைக்கு இருவரும் கைகோத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

பலகையில் 'தெலெஸ்ஃபோர் உவெல்லே செதுக்கியது' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. கண்ணில்லாத சேவலுக்குக் கீழே நின்று தினமும் அதைப் படிக்கிறான். வீட்டில்தான் அவனோடு பேச ஆளில்லை.