கட்டாத ஸ்டேடியத்துக்கு ஒரு மொட்டை

கே.ஜி.கண்டிகையில் நான் டீ குடிக்கும் கடைக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர்தான் கூரை. அண்ணாந்து பார்த்தால் பச்சைப் புல்தரை, சுற்றிலும் வளைந்து எழும்பும் கேலரி, பந்தை உதைக்கும் நாலு வெள்ளைக்காரப் பையன்கள். பக்கத்தில் திருத்தணியில் எங்கள் பழைய மைதானம் இப்படித்தான் ஆகப்போகிறது என்று சொல்லிக் கட்டிய படம் அது. ஸ்டேடியம் வரவில்லை. பேனர் மட்டும் மழைக்கு ஒழுகாமல் இருக்கிறது. கடைக்காரர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் அங்கே உட்காரும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

நான் அந்த மைதானத்தில் ஆடியவன். பிழைப்பு நெல்லும் வேர்க்கடலையும் என்றாலும், வயசில் ஊர் அணியின் இடது பக்கத் தடுப்பாட்டம் என்னுடையது. மலையடிவாரத்துக் கல்லில் கட்டிய கேலரி என் அப்பா பிறப்பதற்கு முன்பே அங்கே இருந்தது. ஆடிக் கிருத்திகை முடிந்த மறுநாள் போட்டி. பள்ளிப்பட்டிலிருந்தும் ஆந்திரப் பக்கமிருந்தும் அணிகள் வரும். மலைக்கு வந்து மொட்டை போட்ட ஜனங்கள் ஊர் திரும்பாமல் ஆட்டம் பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். கேலரி முழுக்கச் சந்தனம் பூசிய தலைகள். எங்கள் அணியில் யாராவது மொட்டை போட்டிருந்தால் அவனைப் பந்தைத் தலையால் முட்ட விடமாட்டோம். சந்தனத்தில் வழுக்கிப் பந்து நம் கோலுக்குள்ளேயே போய்விடும் என்ற பயம். ஒருமுறை போயும் இருக்கிறது. முட்டியவன் இன்றுவரை அந்தப் பேச்சை எடுக்க விடுவதில்லை.

என் மகள் கோல் கீப்பர் ஆனதும் அங்கேதான். அனுப்புவதற்கு என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"பஸ்ல போறவங்க பாத்தா தெரியிற எடம். அங்க ஆடுனா ஆடட்டும். ஏரி உள்ள, தோப்பு உள்ளல்லாம் நான் அனுப்ப மாட்டேன்."

மற்றப் பெண்களின் வீடுகளிலும் இதே பேச்சுதான். நாலு பேர் பார்க்கிறார்களே என்று பெண் பிள்ளைகளைத் தடுப்பார்கள் என்றுதான் நினைப்பீர்கள். இங்கே நாலு பேர் பார்க்கும் இடம் என்பதால்தான் விட்டார்கள். மைதானம் நடுரோட்டை ஒட்டி இருந்தது. அதனால் ஒரு பெண்கள் அணி இருந்தது. அவ்வளவு சின்ன விஷயத்தில் நின்றது அது.

அப்போதுதான் திட்டம் வந்தது, பேனரும் வந்தது. மகள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுல பொண்ணுங்க ஒருத்தி கூட இல்லியே நைனா?"

"கட்டட்டும். நீங்க போயி நின்னீங்கன்னா படம் தானா மாறிக்கும்" என்றேன்.

ஸ்டேடியம் வந்தால் முடி இறக்குவதாகப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து முருகனிடம் வேண்டிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீடு கட்ட வேண்டிக்கொண்டவர்கள் வீடு முடியும்வரை காத்திருக்க மாட்டார்கள். பூமி பூஜை போட்டு முதல் கல் வைத்ததுமே மலைக்குப் போய் மொட்டை போட்டுவிடுவார்கள். கல் வைத்த பிறகும் சாமியைக் காக்க வைப்பது தப்பு. சொந்த வீட்டுக்கு அது சரி, அங்கே கல் வைப்பவனும் கட்டுபவனும் ஒரே ஆள். இங்கே பூமி பூஜைக்கு வந்து கல் வைத்த பெரிய மனிதர் மாலையைக் கழற்றிக் காருக்குள் போட்டுவிட்டுப் போனார். அந்த வித்தியாசம் எங்கள் புத்திக்கு எட்டவில்லை. பூஜை போட்ட அந்த வாரமே பெண்கள் மலை ஏறினார்கள்.

மகளுக்கு இடுப்பு வரை முடி. காலையில் அவள் அம்மா எண்ணெய் வைத்து, வழக்கத்தைவிட நிதானமாகச் சீவி, பின்னல் போட்டு அனுப்பினாள். முடி இறக்கிவிட்டுச் சந்தனத் தலையோடு வெளியே வந்தவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு இன்னா நைனா, நான் கைல தானே புடிக்கிறேன். தல எப்டி இருந்தா இன்னா."

அடுத்த வாரம் இயந்திரம் வந்து கேலரியை இடித்தது. கல்லெல்லாம் லாரியில் போயிற்று. பத்திரமாக எடுத்து வைக்கிறோம் என்றார்கள்; எங்கே என்று சொல்லவில்லை. கோல் கம்பங்களைப் பிடுங்கினார்கள். நடு மைதானத்தில் பெரிய குழி வெட்டினார்கள். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் தகரம் அடித்து, கேட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். அதோடு சரி. இயந்திரம் ஒரு நாள் போனது, திரும்பி வரவில்லை. குழியில் மழைத் தண்ணீர் நின்றது.

அலைந்து அலைந்து கடைசியில் ஒரு அதிகாரியைப் பிடித்தேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"அந்த ப்ளான் டிராப்புங்க. வேற எடம் பாக்குறாங்க."

"அப்ப கேலரிய இன்னாத்துக்கு சார் இடிச்சீங்க?"

"இடிக்கிறது மொதல் கட்டங்க. அது கரெக்டா முடிஞ்சிடுச்சி."

எங்கள் ஊரில் சொன்னபடி, சொன்ன நாளில் முடிந்த ஒரே வேலை அதுதான்.

"சரி, கேட்டையாவது தொறந்து வுடுங்க. பொண்ணுங்க ஓரமா ஆடிக்கினு போவட்டும்" என்றேன்.

"குழி இருக்குதுங்க. யாருனா வுழுந்தா யாரு பதில் சொல்றது?"

குழியை வெட்டியவர் கேட்கிற கேள்வியா இது? அன்றைக்கு அந்த மேசையை அப்படியே கவிழ்த்துவிட்டு வந்திருக்க வேண்டும். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

பையன்கள் காய்ந்த ஏரிக்குள் இரண்டு கொம்பு நட்டு ஆடப் போய்விட்டார்கள். பெண்களை வீட்டில் விடவில்லை. என் மனைவியும் விடவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவள் சொன்ன சொல்லில் நிற்கிறாள். இந்த ஸ்டேடியம் விஷயத்தில் அப்படி நின்றவள் அவள் ஒருத்திதான். ஒரு பெண்ணைத் தையல் வகுப்பில் சேர்த்தார்கள், இன்னொருத்தியைச் சென்னை ஹாஸ்டலுக்கு அனுப்பினார்கள். மகள் மட்டும் தினமும் சாயங்காலம் கேட்பாள்: "கேட்டு தொறந்தாங்களா நைனா?" இல்லை என்பேன். சுவரில் பந்தை அடித்து அடித்துப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

நான் டீக்கடையில் கத்துவதைக் கேட்டுக் கடைக்காரர் ஒரு நாள் சொன்னார்: "வுடுண்ணா. சாமிக்கே கோவம் தணிஞ்ச ஊரு இது."

"அவரு சண்டைல ஜெயிச்சிட்டு வந்து ஒக்காந்தாரு. நான் இன்னாத்த ஜெயிச்சேன்?" என்றேன். அவர் டீயை ஆற்ற ஆரம்பித்தார்.

இந்த ஆடிக் கிருத்திகைக்கு அந்தக் கேட்டைத் திறந்தார்கள், வண்டி நிறுத்த. குழியைச் சுற்றி நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டினார்கள். அவ்வளவுதான், ஆபத்து தீர்ந்தது. வேனும் பஸ்ஸும் வரிசையாக உள்ளே போயின. ஒரு கயிறு. எங்கள் பெண்களுக்கு அந்தக் கயிற்றைக் கட்ட ஒருவருக்கும் கை வரவில்லை.

மறுநாள், அதாவது எங்கள் போட்டி நடக்க வேண்டிய நாளில், மகளை அழைத்துக்கொண்டு உள்ளே போனேன். இப்போது அவளுக்குத் தோள் வரை முடி வளர்ந்திருந்தது. கோல் இருந்த இடத்தை யாரும் காட்டாமலே கண்டுபிடித்தாள். அங்கே ஒரு டூரிஸ்ட் பஸ் நின்றது. பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்று கையை விரித்து இரண்டு பக்கமும் பார்த்தாள். படியில் உட்கார்ந்திருந்த டிரைவர், "இன்னாம்மா, வண்டி எடுக்கணுமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

கேட்டை மறுபடி பூட்டக் காவலாளி ஒருவர் பூட்டோடு நின்றார். வெளியே வந்ததும் தாங்கவில்லை எனக்கு. அந்தத் தகரத்தை இடது காலால் ஓங்கி உதைத்தேன். ரோட்டில் போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது.

மகள் குனிந்து என் காலைப் பார்த்தாள். துப்பட்டா முனையைக் கிழித்துக் கட்டினாள்.

"வா நைனா, போலாம். இனிமே நான் கேக்க மாட்டேன்."

சொன்னபடியே, அதற்குப் பிறகு அவள் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.