நகல் கேட்டுப் போன புதன்கிழமைகள்

அரசாங்க ஆபீசில் "அடுத்த வாரம் வாங்க" என்று சொன்னால் எல்லோருக்கும் பற்றிக்கொண்டு வரும். எனக்கு வராது. இதற்காக என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கேலி செய்வார். "ஊரையே நாக்குல வெரட்டற, ஆபீசுக்காரங்க முன்னாடி மட்டும் எப்படிப் பசுவாட்டம் நிக்கற?" என்பார். நான் பதில் சொல்வதில்லை. சோமனூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே குடித்தனம் செய்கிறவளுக்கு அது ஒரு வசதி. காதில் விழாத மாதிரி இருந்துகொள்ளலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் வீடு அப்போது திருப்பூர் நல்லூரில். கல்யாணத்துக்கு முன்பு பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனுக்குள் கையை விட்டு விரித்து, டியூப் லைட் வெளிச்சத்தில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்க்க வேண்டும். அந்தக் கண் கம்பெனியை விட்டு வெளியே வந்தாலும் ஓயாது. பஸ்ஸில் முன்னால் நிற்கிறவர் சட்டையில் கூடப் பிசிறு தேடும்.

எங்கள் வீதிக்குப் பால் ஊற்றியவரின் பாலைக் காய்ச்சினால் ஆடை கட்டாது. ஒருநாள் நகராட்சியிலிருந்து உணவு ஆய்வாளர் வந்து, வீதியே கூடி நிற்க, அந்தப் பாலைப் பாட்டிலில் பிடித்துச் சீல் வைத்துப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார். அதோடு சரி. முடிவு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. பால்காரரோ, "எம்பட பாலு பாஸாயிருச்சுங்க" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதே தண்ணீரை ஊற்றினார்.

எதிர்வீட்டு அக்கா அப்போது வீதிப் பெண்களைச் சேர்த்து நுகர்வோர் மன்றம் என்று ஒன்று ஆரம்பித்திருந்தார். மன்றத்துக்குச் சொத்து ஒரு ரப்பர் ஸ்டாம்ப் மட்டும்தான். பரிசோதனை முடிவுக்கு நகல் கேட்டு நகராட்சிக்கு மனு கொடுப்பது என்று கூடிப் பேசினார்கள். பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற பேச்சு வந்ததும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"பத்தாவது படிச்சிருக்கற. வாயுள்ள புள்ள பொழைக்கும். நீயே போயிட்டு வந்துரு கண்ணு."

எங்கள் பக்கம் கம்பெனிகளுக்குப் புதன்கிழமை கரண்ட் கிடையாது. மெஷின் ஓடாத அந்த நாளில் நகராட்சி ஆபீசுக்குப் போனேன். சுகாதாரப் பிரிவு பின்கட்டில், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் அறைக்கு அடுத்து இருந்தது. உள்ளே ஒரு குழந்தை வீறிட்டு அழ, இந்தப் பக்கம் ஒரு கிளார்க் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வயது இருக்கலாம். மனுவைப் படித்தார். கேட்டவுடன் காட்ட வேண்டும் என்று அந்தக் காலத்தில் சட்டம் எதுவும் இல்லை. முடியாது என்று சொல்லியிருக்கலாம்.

"பாத்து வைக்கேனுங்க. அடுத்த வாரம் வாங்க" என்றார்.

தெற்கத்திக்காரர். இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் 'ங்க' போட வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள் போல. தன் ஊர்ப் பேச்சின் மேலேயே அதைக் கொண்டுவந்து ஒட்டவைத்திருந்தார். சிரிப்பு வந்தது. ஆனால் அன்றைக்குக் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"ஒரு காயிதம் எடுக்க ஒரு வாரமாங்க? எங்க கம்பெனில ஒரு வாரத்துல சரக்கு கப்பலே ஏறிப் போயிருமுங்க" என்று பிடித்துக்கொண்டேன். அவர் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு நீட்டினார். உப்புத் தண்ணீர். அவரும் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த புதன்கிழமையும் கிடைக்கவில்லை. "இன்னும் தேடுதேனுங்க" என்றார். அப்போதுதான் அவர் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையில் கறுப்பு நூல் போட்டுத் தைத்திருந்தது. வீட்டில் ஒரு பெண்பிள்ளை இருந்திருந்தால் அந்தத் தையல் வாசல்படி தாண்டியிருக்காது. ஆக, தனிக்கட்டை என்று முடிவு செய்தேன். அது எனக்கு ஏன் முக்கியமாகப் பட்டது என்பதை பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்து, தனியாகச் சிரித்து, பக்கத்து சீட்டு அம்மாவிடம் முறைப்பு வாங்கினேன்.

மூன்றாம் வாரம் வீட்டிலிருந்து ஒரு பாட்டிலில் நல்ல தண்ணீர் கொண்டுபோனேன். குழாயில் நல்ல தண்ணீர் என்றைக்கு வரும் என்று குடத்தோடு தவம் கிடந்த ஊர் எங்கள் ஊர். அதில் ஒரு பாட்டிலை எடுத்து வேற்று மனிதருக்குக் கொண்டுபோவதென்றால் என்ன அர்த்தம் என்று திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்ததா, தெரியாது. அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டு, தன் ஊர் ஆற்றைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நான் பனியனில் ஓட்டை கண்டுபிடிக்கும் வித்தையைச் சொன்னேன். தடுப்பூசி அறையில் அழுகை ஓயும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

பிறகு ஒரு நாள் நகல் வந்துவிட்டது. பாலில் தண்ணீர் கலந்திருப்பது உறுதி என்று அதில் இருந்தது. அக்கா அதை வீதி முழுக்கப் படித்துக் காட்டினார். பால் கெட்டியானது, எல்லோரும் என்னைக் கொண்டாடினார்கள். எனக்கு மட்டும் வேறு கவலை. இனிமேல் புதன்கிழமை எங்கே போவது?

ஆகவே மிளகாய்த் தூளுக்கு மனு எழுதினேன். அது முடிந்ததும் டீத்தூளுக்கு. ஒருமுறை ரேஷன் கடைத் தராசைப் பற்றிக் கூட எழுதிக்கொண்டு போனேன். அது நகராட்சி வேலையே இல்லை, வேறு ஆபீசின் வேலை. அதைச் சொல்லவும் அவர் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். "விசாரிச்சுச் சொல்லுதேனுங்க. அடுத்த வாரம் வாங்க." ஊரெல்லாம் அரசாங்கம் சீக்கிரம் வேலை செய்யவில்லையே என்று திட்டிக்கொண்டிருக்க, நான் ஒருத்தி மட்டும் மெதுவாகவே செய்யட்டும் என்று சாமி கும்பிட்டேன். இதற்குள் கடைக்காரர்கள் என்னைக் கண்டாலே பருப்பில் ஒரு கை கூடப் போட ஆரம்பித்திருந்தார்கள். நுகர்வோருக்காக நான் படும் பாட்டைப் பார்த்து அக்கா கண்கலங்கினார்.

அந்தச் சமயத்தில்தான் சோமனூரிலிருந்து வரன் வந்தது. சொந்தத் தறி, நல்ல குடும்பம். "தை மாசம் நிச்சயம் பண்ணிறலாம்" என்றார் அம்மா. மனசில் வேறு எண்ணம் ஏதாவது இருந்தால் அதற்குள் சொல்லியாக வேண்டும். அவர் மனசு தெரியாமல் அம்மாவிடம் என்னவென்று சொல்வது? அந்தப் புதன்கிழமை கேட்டுவிடுவது என்றுதான் கிளம்பினேன். போய் எதிரில் உட்கார்ந்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"வேற எதும் கேக்கணுமாங்க?"

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்றார்களே, அந்த வாய் அன்றைக்கு எங்கே போனதோ. "நல்லெண்ணெய் ரிப்போர்ட்டுங்க" என்றேன்.

அவர் மூடி வைத்த பேனாவை மறுபடி திறந்தார். பிறகு, "அடுத்த வாரம் வாங்க" என்றார். 'அடுத்த வாரம் கட்டாயம் கேட்டுவிடுவேன்' என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

அடுத்த வாரம் கம்பெனியில் ஜெனரேட்டர் வந்து இறங்கியது. தேங்காய் உடைத்து, சந்தனம் பூசி, முதலாளி சுவிட்சைப் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது. புதன்கிழமைகள் போய்விட்டன. அதோடு எக்ஸ்போர்ட் அவசரம், கேட்டாலும் லீவு இல்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு என்றால் அவர் ஆபீசும் பூட்டியிருக்கும்.

மார்கழி முடியும் சமயத்தில், காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு ஓடினேன். கையில் தண்ணீர் பாட்டில். அவர் நாற்காலியில் நடுத்தர வயது அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். முன்பிருந்த கிளார்க்குக்குச் சொந்த ஊர்ப் பக்கமே மாற்றலாகிவிட்டது, போன வாரம்தான் போனார் என்றார் அந்த அம்மா. நல்லெண்ணெய் ரிப்போர்ட் என்று மட்டும் சொன்னேன்.

அந்த அம்மா எழுந்து அலமாரியைத் திறந்தார். உள்ளே வீதி வாரியாக, பொருள் வாரியாக, ஒவ்வொரு கட்டுக்கும் அட்டை ஒட்டி அடுக்கியிருந்தது. கையை நீட்டி ஒரு கட்டை எடுத்தார். நான் இன்னும் உட்காரக்கூட இல்லை.

"இதெல்லாம் எப்பங்க இப்படி அடுக்கினாங்க?" என்று கேட்டேன்.

"அவரு இங்க வேலைக்கு வந்த புதுசுலயே அடுக்கிட்டாருங்க. நானு பக்கத்து செக்சன்லதான இருந்தேன். ரெண்டு வருசமாச்சு. எது கேட்டாலும் கண்ண மூடிட்டு எடுத்துக் குடுத்துருவாரு."

பாலுக்கு வாரக்கணக்காகத் தேடினார். மிளகாய்த் தூளுக்குத் தேடினார், டீத்தூளுக்குத் தேடினார். ஒருநாளும் அந்த அலமாரியை என் எதிரில் அவர் திறக்கவில்லை.

நகலை என் கையில் கொடுத்தார் அந்த அம்மா. எண்ணெய் சுத்தமாம், கலப்படம் எதுவும் இல்லையாம். தடுப்பூசி அறையில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. எனக்குக் கிளம்பிப் போக மனம் வரவில்லை.

"அடுத்த வாரம் வரட்டுங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க?" என்றார் அவர். "அதான் கையிலயே குடுத்துட்டனே."