ஆணி அடிக்காத சுவர்

போடியின் பழைய தெரு ஒன்றில் விலைக்கு வந்த வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். தரகர் கதவைத் திறந்ததும் பக்கத்துக் குடோனின் ஏலக்காய் வாசம் முகத்தில் அடித்தது.

சின்ன வயதில் இதே தெருவில், ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். அம்மா சாக்கு விரித்து, வியாபாரி கொடுத்த ஏலக்காயைப் பெரிது சிறிதாகப் பிரிப்பாள். எங்கள் தலையணையில்கூட அந்த வாசம்தான். ஒருநாள் காலண்டர் மாட்ட அப்பா ஆணியை ஒரு தட்டுத் தட்டினார்.

“என் செவுத்துல என்ன சத்தம்?” என்று முன்கட்டிலிருந்து வீட்டுக்காரம்மா ஓடிவந்தார்.

அப்பா காலண்டரைச் சன்னல் கம்பியில் கட்டினார். பிறகு அம்மாவிடம் மெதுவாக, “இதே தெருவுல வீடு வாங்கி, செவுரு பூரா ஆணி அடிக்கிறேன் பாரு” என்றார். வாங்காமலே போய்ச் சேர்ந்தார்.

தரகருக்குப் போன் வந்தது. பேசிவிட்டு, “ஓனரு மனசு மாறிட்டாராம்க்கா. ஏலக்கா வியாபாரிக்குக் குடுக்குறாராம், குடோன் போட” என்றார்.

“நேத்து சரின்னாரே! போன வீட்டுக்கும் இதே கததான தம்பி?” காலி அறையில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

“ராசிங்காபுரம் ரோட்டுல பிளாட் இருக்கு, பாப்பமா?”

“எனக்கு இந்தத் தெருதான் வேணும். வாடகைக்காவது ஒரு வீடு கெடைக்குமா?”

கேட்டபிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கு உறைத்தது.

தரகர் சிரிக்கவில்லை. “வாடகைக்கும் ஏலக்கா மூட்டைக்குத்தான்க்கா குடுக்குறாக” என்று சொல்லிக் கதவைப் பூட்டினார்.