எது ஸ்பீடு என்று மட்டும் கேட்காதீர்கள்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கிற தொழிலில் வைரஸுக்கோ இடி மின்னலுக்கோ நான் பயந்ததில்லை; கடைப்படி ஏறும்போதே "ரெண்டு பிராசசர்ல எது ஸ்பீடு?" என்று கேட்கிறவர்களுக்குத்தான் பயம். நாகர்கோவிலில் கடை போட்டுப் பதினோரு வருஷமாகிறது. இன்றைக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்காது. இதே மாதிரி கடை வைத்திருக்கும் சகோதரர்களே, உங்களுக்கும் அப்படித்தானே? இல்லையென்றால் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

துபாய் மச்சினன்

மார்த்தாண்டத்தில் வாழைக்குலை வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர் வந்தார். பில் போட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். ஆனால் துபாயில் இருக்கும் மச்சினன், வொர்க்ஸ்டேஷன் பிராசசர்தான் வாங்கணும் என்று எது எவ்வளவு வேகம் என்கிற ஸ்கோர் பட்டியலை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். நான் பொறுமையாக விளக்கினேன். வொர்க்ஸ்டேஷன் பிராசசரில் முப்பத்திரண்டு கோர், அதாவது முப்பத்திரண்டு வேலையாட்கள். டெஸ்க்டாப் பிராசசரில் ஆள் குறைவு, ஆனால் ஒவ்வொருவரும் சுறுசுறுப்பு. பில் போடுவது ஒரு ஆள் வேலை. அதற்கு எதற்கு இத்தனை பேர்?

பெரியவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு கவலையோடு சொன்னார்: "தம்பி, நீ சொல்லுகது மனசிலாச்சு. ஆனா மச்சினன் முகம் கோணிட்டான்னா வீட்டுல யாரு ஏச்சு கேக்கது?"

பெஞ்சில் வைத்த பந்தயம்

அவருக்கு அவ்வளவு தெளிவாக விளக்கிய நான், ஒரு மாதம் கழித்து என்ன செய்தேன் தெரியுமா? இரணியலிலிருந்து சுபா வந்தாள். கட்டப்போகிற வீட்டை 3டி படமாகப் போட்டுக் காட்டுவது அவள் வேலை. அதற்காகக் காலேஜ் வேலையை விட்டிருந்தாள். காண்ட்ராக்டர் ஒருவர் முதல் வீட்டைக் கொடுத்திருந்தார். அந்த வீட்டைக் கட்டுகிற வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தவர்; ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகிறார். வெள்ளிக்கிழமை வந்து பார்த்து அவர் சரி என்றால் காண்ட்ராக்டரின் எல்லா வீடும் இவளுக்கு. இல்லையென்றால் மறுபடி காலேஜ் வாசலில் போய் நிற்கணும்.

"எது ஸ்பீடு அண்ணே?" என்றாள். நான் வொர்க்ஸ்டேஷன், டெஸ்க்டாப் இரண்டு மிஷினையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவள் கொண்டுவந்த ஒரே படத்தை இரண்டிலும் ரெண்டர் செய்தேன். ரெண்டர் என்றால், வரைந்து முடித்த வீட்டை போட்டோ மாதிரி ஆக்குகிற கடைசி வேலை. வொர்க்ஸ்டேஷன் பாதி நேரத்தில் முடித்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு எடு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவளும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கள் கடையில் மிஷினுக்குப் பாகங்களைப் பூட்டுகிற லீலா அக்கா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்: "கடைசி வேலைய மட்டும்தான் ஓட்டிப் பாத்தீங்க. அந்தப் பிள்ளை காலையிலேருந்து சாயந்திரம் வரை அதையா செய்யும்?"

செவ்வாய்க்கிழமை போன்

அன்றிலிருந்து போன் அடித்தாலே திடுக்கென்றிருக்கும். செவ்வாய்க்கிழமை அடித்தது. சுபாதான். வீட்டுக்காரர் போனிலேயே ஒரு நாளைக்கு ஆறு தடவை மாற்றச் சொல்கிறாராம். அடுக்களை தென்கிழக்குக்குப் போகணும், ஜன்னல் பெரிதாகணும். ஸ்கிரீனில் சுவரைப் பிடித்து இழுத்தால் அது வந்து சேர ஒரு யுகம் ஆகிறதாம். பழைய லேப்டாப்புக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லையாம்.

ரெண்டரைத்தான் எல்லா கோரும் பங்கு போட்டுச் செய்யும். சுவரை இழுக்கிற வேலை ஒரே கோர் தலையில்தான் விழும். வொர்க்ஸ்டேஷனில் அந்த ஒரு கோர் மெதுவானது. வாழைக்குலைக்காரருக்குச் சொன்ன பாடம் எனக்கே மறந்துபோனது. ஸ்கோர் போதை, வேறென்ன? இதை எல்லாம் அவளிடம் ஒப்புக்கொண்டேன். அவள் கேட்டாள்: "முப்பத்திரண்டு பேரு இருக்காவன்னு சொன்னீங்களே அண்ணே, ஒருத்தனாவது எழும்பி ஒரு கை குடுக்கப்பிடாதா?"

மாடிப்படி

மறுநாள் காலை டெஸ்க்டாப் மிஷினைக் காரில் வைத்துக்கொண்டு சுபாவின் வீட்டுக்குக் கிளம்பினேன். வில்லுக்குறியில் ரோடு அடைத்துக் கிடந்தது. மடியில் மானிட்டரோடு உட்கார்ந்திருந்த லீலா அக்கா, நான் நகம் கடிப்பதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வரைவது டெஸ்க்டாப்பில், ரெண்டர் வொர்க்ஸ்டேஷனில் என்று பிரித்துக் கொடுத்தோம். வியாழக்கிழமை மத்தியானம், வீட்டைச் சுற்றிக் காட்டுகிற வீடியோ தயார். வொர்க்ஸ்டேஷனைக் குறை சொல்லக்கூடாது, அதன் வேலையை அது செய்தது.

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் வந்தார். என்ன ஆகுமோ என்று நானும் போய் மூலையில் நின்றேன். அத்தனை பாடுபட்டு எடுத்த வீடியோவை அவர் பாதிவரைதான் பார்த்தார். "மாடிப்படி இந்தப் பக்கம் வந்தா எப்படி இருக்கும்?" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. சுபா டெஸ்க்டாப் மிஷினில் அந்தப் படியைப் பிடித்து இழுத்தாள். கையோடு வந்தது. "கொஞ்சம் உள்ள தள்ளு." தள்ளினாள். "ஜன்னல்?" நகர்ந்தது. அரைமணி நேரம் சின்னப்பிள்ளை மாதிரி வீட்டை இப்படியும் அப்படியும் மாற்றிப் பார்த்துவிட்டு, அங்கேயே காண்ட்ராக்டருக்குப் போன் போட்டு, அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டலாம் என்று சொல்லிவிட்டார்.

அவர் போனதும் சுபா நாற்காலியில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டெஸ்க்டாப்பை அங்கேயே விட்டுவிட்டு வொர்க்ஸ்டேஷனின் வயரைக் கழற்றிக்கொண்டிருந்த என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "எனக்குப் பெரிய ஸ்பீடு எல்லாம் வேண்டாம் அண்ணே. அந்தாளு பக்கத்துல இருந்து என் கையையே பாத்துட்டிருக்கும்போ, மிஷின் மலைச்சுப் போய் நிக்கப்பிடாது."

பிராசசர்களை ஒப்பிட்டுப் பார்க்க ஆயிரம் டெஸ்ட் வந்துவிட்டது. வாங்குகிறவருக்கு எந்த நேரத்தில் வியர்க்கும் என்று சொல்கிற டெஸ்டை மட்டும் இன்னும் ஒருவரும் எழுதவில்லை.