இரண்டு மோட்டர்ஹோம்களும் ஒரு ராகுகாலமும்

இந்தக் கட்டுரையில் வரும் எதையும் நீங்கள் நம்பப்போவதில்லை. அதைச் சத்தியம் செய்து சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன். ரொறன்ரோவில் நாற்பது வருசமாக உண்மை பேசி நான் கண்ட பலன் ஒன்றுமில்லை.

போன மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கட்டிலும் குசினியும் உள்ளேயே இருக்கிற பழைய மோட்டர்ஹோம் ஒன்று வாங்க நானும் மனுசி சரோவும் வெளிக்கிட்டோம். காரணம் அவளின் முதுகு. நாரித் தட்டு விலகியபிறகு கதிரையில் நாற்பது நிமிசம்தான் இருப்பாள். அதற்குப்பிறகு இருபது நிமிசம் மட்டமாகப் படுக்கவேணும். விமானம், பஸ், கார் எதுவும் சரிவராது. அவளின் சிநேகிதி மலரோ தூரத்துக் கிழக்குக் கரையில், ஹலிஃபக்ஸில். சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக்கட்டிடத்தில் பதினெட்டு வருசம் எங்களுக்கு எதிர்க்கதவு. மூன்று வருசத்துக்கு முன் மகளோடு அங்கே போய்விட்டாள். இப்போது அவளுக்குக் கண்பார்வை குறைந்துகொண்டே போகிறது, தனியாகப் பயணம் செய்ய ஏலாது. எவ்வளவு காலம் தெரியும் என்று டொக்டராலும் சொல்ல முடியவில்லை. 'என்ரை முகம் தெரியிற நேரத்திலை போகவேணும்' என்று சரோ ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். அதற்குப்பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. அதுதான் என்னைக் கிளப்பியது.

காலை 9.15க்கு வீட்டிலிருந்து ஒஷாவாவுக்கு, அறுபது கிலோமீற்றர், ஓட்டம் மட்டும் ஐம்பத்தைந்து நிமிசம். இடையில் ஒரு தரம் நிறுத்தி, பின்சீற்றில் சரோவை மடித்துப் படுக்கவைத்தேன். விற்பவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்கார மனுசன். வண்டி இருபத்திரண்டு அடி, 43,500 டொலர். கதவைத் திறந்து உள்ளே காலை வைத்தேன், மூக்கு எதிர்ச்சுவரில் முட்டியது. குசினியில் ஒரு தோசை சுடலாம், பிரட்ட வெளியே போகவேணும். மனுசன் தன் பராமரிப்புப் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்தையும் விளங்கப்படுத்தினார். நான் கொட்டாவி விட்டேன். பிறகு சொல்கிறேன் என்று வந்துவிட்டோம்.

வீட்டில் சாப்பிட்டுப் படுத்தெழும்பி, பின்னேரம் இரண்டாவது வண்டியைப் பார்க்க மில்லிக்கனுக்குப் போனோம். ஸ்டீல்ஸ் ரோட்டருகே பிளாசா ஒன்றின் பின்பக்கம். 4.20க்கு வளைவைத் திருப்பினேன், பிரேக்கை அமத்த மறந்தேன்.

மக்களே, அது வாகனமில்லை. முப்பத்திரண்டு அடி. முன்னால் நின்று நான் கூப்பிட்டது பின்னால் நின்ற சரோவுக்கு மற்றநாள்தான் கேட்டது. குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு கல்யாண வீட்டின் மிச்சம் முழுதும் அடங்கும். பக்கச் சுவரே வெளியே தள்ளி நின்றது. அதை 'ஸ்லைட்' என்பார்கள், பொத்தானை அமத்தினால் போகும், வரும். அது வெளியே வந்தபோது மார்க்கம் நகரம் இரண்டு வீடு வடக்கே நகர்ந்ததாக அறிந்தேன். பின்னறைக் கட்டில் ராசாக்கள் பிறந்து, ஆண்டு, இறக்கக்கூடிய அகலம். சரோ அதில் ஏறிப் படுத்து, கண்ணை மூடினாள்.

விலை 61,000. விற்கிற குமார் நல்ல பெடியன், அட்வான்ஸுக்கு ரசீதுப் புத்தகத்தை எடுத்தான். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். 4.29.

ஞாயிறு ராகுகாலம் நாலரையிலிருந்து ஆறு. அது எனக்கு மனப்பாடம். குமாருக்கு விசயத்தைச் சொன்னேன். அவன் பிறந்தது ஸ்காபரோவில் என்றாலும் தாய் தகப்பன் ஒழுங்காக வளர்த்திருக்கிறார்கள். ஓம் அண்ணை, ஆறுக்கு வாங்கோ என்றான். பிளாசாக் கடையில் இரண்டு மட்டன் றோல், இரண்டு தேத்தண்ணி, பதினொரு டொலர். ஒன்றரை மணித்தியாலம் இருந்து, எழும்பி, நடந்து, இருந்து. ஆறாகும்போது சரோவின் முகம் வெளிறிவிட்டது. முதல் வேலையாக அந்தக் கட்டிலில் படுக்கவேணும் என்றாள்.

திரும்பிப் போனால், மழை வருமென்று குமார் ஸ்லைட்டை உள்ளே இழுத்து வண்டியைப் பூட்ட ஆயத்தமாக நின்றான். கதவைத் திறந்தோம். உள்ளே இழுத்த சுவர், அலுமாரியும் மேசையுமாக வந்து நடுவழியை அடைத்து நின்றது. பின்னறைக்கு ஒரு பூனை போகலாம், அதுவும் மெலிந்த பூனை. குமார் பொத்தானை அமத்த ஓடினான்; ஆனால் பக்கத்தில் யாரோ காரைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள், சுவர் வெளியே வர இடமில்லை. சரோ படியிலேயே சரிந்து இருந்தாள்.

'இஞ்சேருங்கோ,' என்றாள். 'ஹைவேக் கரையிலை இந்தச் சுவரை எங்கை திறப்பியள்?'

முப்பத்திரண்டு அடியும் என் கண்முன்னால் சுருங்கியது. ஓடும்போது படுக்கமுடியாது, பெல்ட் கட்டி இருக்கவேணும். நாற்பது நிமிசத்துக்கொருதரம் நிறுத்தித்தான் படுக்கவேணும். நிறுத்துமிடமெல்லாம் சுவரைத் தள்ள இடமிருக்குமா? அரண்மனை இருக்கும், கட்டிலுக்கு வழியிராது.

பிளாசா நிலத்தில் என் கோட்டை விரித்து அவளைப் படுக்கவைத்தேன். குமார் குடை பிடித்தான். அங்கிருந்தே ஒஷாவாவுக்கு ஃபோன் எடுத்தேன். நாற்பத்தைந்து கிலோமீற்றர், 7.15க்குப் போய்ச் சேர்ந்தோம். சரோ காரிலிருந்து இறங்கி, வண்டிக்குள் ஏறி, நாலே அடி வைத்து, கட்டிலில் சாய்ந்தாள். சும்மா கிடந்த கட்டில். மடிக்க, இழுக்க ஒன்றுமில்லை. பஸ்கார மனுசன் தன் புத்தகத்தை மறுபடி திறந்தார். இந்தமுறை ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்தையும் வேதம் போலக் கேட்டேன். அட்வான்ஸைக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த கோயில் கலண்டரைப் பார்த்தபோதுதான் பிழை விளங்கியது. நாலரை என்பது ஆறுக்குச் சூரியன் மறைகிற ஊர்க் கணக்கு. ரொறன்ரோவில் சூரியன் எட்டரைக்குத்தானே மறைகிறது. அன்றைய ராகுகாலம் ஏழுக்குச் சற்று முன் தொடங்கி எட்டரை வரை. நல்ல நேரத்தில் றோல் சாப்பிட்டிருக்கிறேன், ராகுவின் மடியில் இருந்துகொண்டு காசு கொடுத்திருக்கிறேன். மறைக்கப் பார்த்தேன், முகம் காட்டிக்கொடுத்தது. சரோ கலண்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

'ராகுவும் வரட்டும்,' என்றாள். 'முன்சீற்றிலை நீங்கள் இருக்கிறியள்தானே, துணைக்கு.'

ஜூன் நடுவில் வெளிக்கிட்டோம். ஹலிஃபக்ஸ் ஏறத்தாழ 1,800 கிலோமீற்றர், ஆறு நாள். முப்பத்தொரு தரம் நிறுத்தினோம். சென் லோறன்ஸ் ஆற்றின் அகலத்தைப் பார்த்து வண்டியே பெருமூச்சு விட்டது. பெற்றோல் போக மட்டும் ஐந்நூறு டொலருக்குக் கிட்ட. வண்டியை நிறுத்திப் படுக்க மின்சாரமுள்ள முகாம் ஓர் இரவுக்கு ஐம்பது.

வாங்கப் போகிறவர்களுக்கு: ஸ்லைட்டை உள்ளே இழுக்கச் சொல்லி, கட்டிலுக்கும் கக்கூசுக்கும் நடந்து பாருங்கள். கூரை மூலைகளை மணந்து பாருங்கள், தண்ணீர் ஊறியிருந்தால் மூக்குக்குத் தெரியும். பராமரிப்புப் புத்தகம் வைத்திருப்பவர் சொல்வதைக் கொட்டாவி விடாமல் கேளுங்கள். யாருக்காக வாங்குகிறீர்களோ அவரைக் களைத்தபிறகு கூட்டிக்கொண்டு போங்கள். களைக்கமுன் எல்லாக் கட்டிலும் நல்ல கட்டில்தான்.

இனி, நம்பாதவர்களுக்கு. மார்க்கம் நகரவில்லை. பூனை கொஞ்சம் கொழுத்ததாகவும் இருக்கலாம். முப்பத்தொன்றில் சிலதை நான் தேத்தண்ணிக்காக நிறுத்தினேன். மற்றதையெல்லாம் உங்கள் விருப்பப்படி பாதியாக்கிக்கொள்ளுங்கள். ஒரு சின்னத் துண்டு மட்டும் உள்ளபடி நடந்தது: ஆறாம் நாள் மத்தியானம் சரோ தானே நடந்துபோய்த் தட்ட, மலர் கதவைத் திறந்து, கிட்டவாக வந்து, கொஞ்சநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, 'நரைச்சுப் போனாயடி' என்று சொன்னாள்.